விளக்கு வைத்த பிறகு உறைமோர்

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. துவைத்த துணி மூன்று நாளாக ஈரம். இவருடைய யூனிஃபார்மை இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்தேன். புதுப்பட்டினம் மார்க்கெட்: நெத்திலி அரைக் கிலோ, முருங்கைக்காய், குக்கர் கேஸ்கெட் (மறந்தேன், மறுபடியும்). என் எல்.கே.ஜி. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் லீவு.

மாலை ஆறரை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ராஜா தன் அப்பாவுக்குச் சோறு கொடுக்கிற நேரம். அவன் மனைவி மாலதிக்குச் சிறுசேரியில் ஐ.டி. வேலை, வீடு வந்துசேர எட்டரை ஆகும். அதுவரை அப்பாவும் மகனும்தான். ஐயாவுக்குக் கை நடுக்கம். சிந்தும்.

"எத்தினி தபா சொல்றது நைனா? கைய ஒழுங்கா வெய்யி!"

பட்டென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் தட்டு விழுந்தது. அப்படியானால் முதலில் கேட்டது தட்டு இல்லை.

டி.வி. சத்தத்தைக் கூட்டினேன். ஏன் கூட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். இரண்டு வீட்டுக்கும் பொதுவான வராந்தா கிரில் கேட்டை எனக்குத் திறந்துவிட ஐயா வழக்கம்போல் காத்திருந்தார். அந்தக் கையால் தாழ்ப்பாளை இழுக்க இரண்டு நிமிஷம் ஆகும். ஆனாலும் நான் தொடக் கூடாது. "டீச்சரம்மாவுக்கு நாந்தான் வாட்ச்மேன்." பல் போன சிரிப்பு. இந்த இரண்டு நிமிஷத்துக்காகவே நான் சீக்கிரம் கிளம்புகிறேன்.

இடது மணிக்கட்டுக்கு மேலே கன்றி நீலமாக இருந்தது.

"இன்னா ஐயா இது?"

"கொழம்பு சுட்டுடுச்சும்மா."

குழம்பு சுட்டால் நீலமாகாது.

வகுப்பில் ஒரு வாண்டு இன்னொன்றைக் கிள்ளியது. மூன்று பெஞ்சு தாண்டிப் போய் நின்று ஒரு சத்தம் போட்டேன். அதே நான்தான் நேற்று டி.வி.யைக் கூட்டினது.

இவரிடம் சொன்னேன். சிரித்தார். "ராஜாவா? போடி. கொசுவ அடிக்கவே யோசிப்பான் அவன்."

நவம்பர் 5, புதன்

ஸ்டாஃப் மீட்டிங். வேடந்தாங்கல் டிரிப்புக்குப் பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும். கேஸ்கெட் இன்னும் இல்லை.

ஏன் கேட்கக் கூடாது: அடுத்த வீட்டு விஷயம். இவரும் அவனும் வேலையில் ஒரே செக்‌ஷன். போன வருஷம் இவர் வண்டியிலிருந்து விழுந்தபோது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி தரையில் படுத்தவன் ராஜா. மாவுக்கட்டுக் காலோடு இருந்த இவரை உப்புமூட்டையாகத் தூக்கி மாடி ஏற்றியவன். நான் தப்பாகக் கேட்டிருக்கலாம்.

ஏன் கேட்க வேண்டும்: நீலம்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. ஆறரைக்கு மறுபடி அதே குரல், அதே பட். என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய் பெல் அடித்துவிட்டேன்.

ராஜா திறந்தான். முகமெல்லாம் வியர்வை.

"உறைமோர் இருக்குதா தம்பி? பால் காய்ச்சி வெச்சிகினு இருக்கேன்."

"விளக்கு வெச்சாச்சே டீச்சர். இந்நேரத்துக்கு மோர் எடுத்துக் குடுத்தா மாலதி என்னைத் தொலைச்சுடுவா."

பளிச்சென்று உறைத்தது. தெரியாததா? ஒன்பது வருஷமாகப் பக்கத்து வீடு. விளக்கு வைத்தபின் பால், தயிர், மோர் எதுவும் அந்த வீட்டைவிட்டு வெளியே போகாது. நம் வீட்டில் அதெல்லாம் பார்ப்பதில்லை, அதனால் பதற்றத்தில் மறந்துபோயிற்று. அசடு வழியச் சிரித்தேன்.

அவன் தோளுக்குப் பின்னால் ஐயா. சட்டையெல்லாம் பருக்கை. என்னைப் பார்த்தார், உடனே தட்டைப் பார்த்துக்கொண்டார். நான் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிட்டது.

காலி டம்ளரோடு திரும்பினேன். அதன்பிறகு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. ஒரு மாலையின் அடியை மட்டும் நிறுத்தியிருக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

இவருக்குக் காலை ஷிஃப்ட், மாலையில் வீட்டில். ஆறு நாற்பதுக்குச் சத்தம். கையில் எடுத்த முறுக்கைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

"அது அடிதானே?"

"ஆமாங்க."

லுங்கிமேல் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். கதவு வரைக்கும் வீரம். அப்புறம்: "நீ முன்னாடி போ. நீதான் டீச்சர்." அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

இன்று டம்ளர் எடுக்கவில்லை.

"தம்பி, ஐயாவ அடிக்காதீங்க. திங்கக்கெழமேலருந்து எங்க வூட்டுக்குக் கேக்குது."

"இது எங்க வூட்டு விசயம் டீச்சர்."

என் முதுகுக்குப் பின்னாலிருந்து இவர்: "என்னைத் தூக்கிகினு படி ஏறுனியே, அப்போ நான் எந்த வூட்டு ஆளுடா?"

ராஜா கதவைச் சாத்திக்கொண்டான். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினான்.

நவம்பர் 8, சனி

மேகமூட்டம். கேஸ்கெட் வாங்கப் போனேன். வராந்தாவில் ஐயா இல்லை. கேட்டை நானே திறந்தேன், ஒரு நொடியில் திறந்துகொண்டது. அங்கேயே அழுகை வந்துவிட்டது. நான் கேட்கப்போய் அவருக்கு அடி இன்னும் கூடிவிட்டதோ?

ஸ்டாஃப் பஸ்ஸில் ராஜா இவர் பக்கத்தில் உட்காரவில்லையாம். இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மாலதி மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளிடமும் சொல்லிவிட்டேன். கிளிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "கைல நீலத்தப் பாத்தேன்க்கா. ஆர்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

சாயங்காலம் சத்தமே இல்லை. அதுவும் பயமாக இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில்! துணியெல்லாம் காய்ந்தது. கோயிலில் ஐயாவுக்காக வேண்டிக்கொண்டேன். ராஜாவுக்காகவும், கொஞ்சம் கோபத்தோடு. மாலதி இன்று ஊருக்குப் போயிருக்கிறாள், அம்மாவைப் பார்க்க.

ஆறரை தாண்டி பெல். பக்கத்து வீட்டுச் சாம்பிராணி வாசனை வராந்தா முழுக்க. ஐயா நின்றார். இரண்டு கையாலும் ஒரு காலி டம்ளரைப் பிடித்திருந்தார், அது கதவில் பட்டு டக டகவென்றது.

"உறைமோர் வோணும் டீச்சரம்மா."

"விளக்கு வெச்சாச்சே ஐயா?"

"குடுக்கத்தான் கூடாது. வாங்கலாம்."

உள்ளே உட்காரவைத்தேன். உட்கார்ந்ததும் அவரே சொன்னார்: "அவந்தான் அனுப்சான். 'கோவம் வருது நைனா, டீச்சர் வூட்டாண்ட போய்க் குந்து, அடங்குனதும் நானே வந்து இட்டுகினு போறேன்'னான். வெறுங்கையோட வந்தா நல்லா இருக்காதுன்னு டம்ளர நாந்தான் எடுத்துகினேன்."

இரண்டு இட்லி வைத்தேன். சட்னி மேஜையில், வேட்டியில், இவர் சட்டையில். "தாராளமா சிந்துங்க ஐயா, நான் சாப்ட்டாலும் இதே கதிதான்" என்றார் இவர். உண்மைதான்.

இது போதுமா, தெரியவில்லை. நாளைக்கும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

ஏழேகாலுக்கு வராந்தாவில் செருப்புச் சத்தம். ராஜா. உள்ளே வராமல் வாசலில் நின்று, சட்னி சிந்திய மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. துடைக்கிற துணியை நீட்டினேன்.

வந்து வாங்கிக்கொண்டான். முதலில் மேஜையைத் துடைத்தான். அப்புறம் ஐயாவின் கையை.