எர்த் கொடுத்தேன் என்றேன்

உன் ஜீப்பின் டிரைவர் சீட்டைத் தூக்கினால் அந்த மூங்கில் குச்சி அப்படியே கிடக்கிறது. பிளேடால் நீ கீறிய கோடுகளில் டீசல் ஊறிக் கறுத்திருக்கிறது. நீ போய் இரண்டு மாதமாகியும் வாசனை போகவில்லைடா. இன்று காலை உன் வீட்டம்மா, வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்தார். வாங்கவே கை கூசியது. ஏன் என்று நீ இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

ஜீவனஹள்ளியில் நீ மருந்துக்கடை வைத்த புதிது. யாரோ கழித்துக்கட்டிய ஜீப்பை வாங்கிவந்து, டீசல் மீட்டர் செத்துக் கிடக்கிறது, உன் வேலைதான் இது என்றாய். ஃபேக்டரியில் பத்து வருஷமாக மீட்டர் பார்க்கிறவனாயிற்றே, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜே.சி. ரோட்டில் புது மீட்டர் வாங்கினோம். டாங்க்கைக் கழற்றித் துருவைத் தேய்த்து, நானே இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்து, ஒயர் இழுத்து மாட்டினேன். டீசல் ஊற்றிச் சாவியைத் திருப்பினால் முள் அசையவே இல்லை.

மீட்டரே டூப்ளிகேட் என்று ஒரே போடாகப் போட்டேன். மறுநாளே நீ என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கடையில் சண்டைக்கு நின்றாய். கடைக்காரர் நிதானமாக என்னைப் பார்த்து, டாங்க்குக்கு எர்த் கொடுத்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. நான் அடித்த பெயிண்ட், டாங்க்கை வண்டியின் இரும்போடு ஒட்டவிடாமல் மறைத்துவிட்டது; மீட்டருக்குக் கரண்ட் திரும்பிவர வழியில்லை. தனியாக ஓர் எர்த் ஒயர் கொடுத்திருக்க வேண்டும். முதல்நாள் வேலைக்கு வந்தவன்கூட மறக்கமாட்டான்.

கொடுத்தேன் என்றேன்.

இவன் கை பட்ட ஒயரிங் தப்பாகாது என்று நீ மேஜையைத் தட்டினாய்.

நாளைக்குச் சரிசெய்யலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். முள் திடீரென்று எப்படி ஏறியது என்று கேட்பாயே, அந்த வெட்கம். நீ பாட்டுக்கு ஒரு குச்சியைச் சீவிக்கொண்டாய். எங்கே கிளம்பினாலும் டாங்க்கில் அதை விட்டெடுத்து, "ரெண்டு கோடு இருக்குடா, ஓசூர் வரைக்கும் தாங்கும்" என்பாய். நான் போய் வண்டியில் ஏறிக்கொள்வேன். அடுத்த வருஷம் ஒருநாள் பார்த்தால், மீட்டரை மறைத்துப் பிள்ளையார் படம் போட்ட அட்டை ஒன்று தொங்கியது. செத்த மீட்டரை எதுக்குப் பார்த்துக்கிட்டு என்றாய். அப்பாடா என்றிருந்தது எனக்கு. சொல்லாமலே எட்டு வருஷத்தைத் தள்ளிவிட்டேன்.

இன்று அட்டையை நகர்த்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முள் ஏறிப் பாதியில் நின்றது.

குனிந்து பார்த்தேன். டாங்க்கின் ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டி, ஒரு பச்சை ஒயரை வண்டி இரும்போடு முறுக்கியிருக்கிறது. முறுக்கின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டர், பழுப்பேறிப்போய். எந்த மெக்கானிக்கும் அப்படிச் சுற்றமாட்டான். உன் வீட்டம்மாவிடம் குச்சியைக் காட்டினேன். "நீங்க வந்தா மட்டும்தாண்ணா அதை எடுப்பாரு. ஏன்னு கேட்டா, சும்மா இருன்னுவாரு."

ஒருநாளாவது என்னைத் திட்டியிருக்கலாமேடா. எனக்காகக் கடையில் கத்தினாய், அப்புறம் என் பொய்யையும் எனக்காகவே மூடிவைத்தாய். நான் உனக்கு என்ன செய்தேன்?

பிளாஸ்டரைப் பிரித்து நல்ல டேப் சுற்றலாம் என்று உட்கார்ந்தேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன். பிள்ளையார் அட்டையை மட்டும் கழற்றிக் குச்சியோடு சீட்டுக்கடியில் வைத்திருக்கிறேன். நாளைக்கு இந்த வண்டியிலேயே ஜே.சி. ரோட்டுக்குப் போகிறேன். அந்தக் கடைக்காரர் இருந்தால் அவரிடமும் சொல்லிவிடுவேன். முதலில் உன்னிடம்: நான் எர்த் கொடுக்கவில்லைடா.