வெளிப்பக்கப் பூட்டு

அம்மாவுக்கு வணக்கம். உன் கால்வீக்கம் வடிந்ததா? நான் நலம், பயப்படாதே.

நேற்று கிடங்கில் நான்கு பேர் இருந்த லிஃப்டின் கம்பி அறுந்தது. பலத்தை வெளியே காட்டாதே என்று நீ சொல்லியனுப்பியதையும் மறந்து, ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டேன். இறங்கியவர்களிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், "மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருக்கீங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் பின்வாங்கி, "நீ மனுஷன்தானாடா?" என்றார்.

காலையிலிருந்து என் அறையை வெளியே பூட்டி வைத்திருக்கிறார்கள். சுண்டுவிரலால் பிய்த்துவிடலாம். பிய்த்தால் இன்னும் பயப்படுவார்களே என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் பயம்தான்.

பக்கத்து வீட்டாரிடம் நீ எப்படிப் பேச்சை ஆரம்பிப்பாய்? நாலு வரி எழுதி அனுப்பு, மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

வராந்தாவில் காலடிச் சத்தம். பதினோரு பேர். அவர்கள் கையில் ஏதோ இரும்பு இடிபடுவது கேட்கிறது. கதவு திறந்ததும், "சாப்டீங்களா?"ன்னு கேட்டால் சரியாக இருக்குமா, அம்மா?

உன் மகன்