எலுமிச்சை மணக்கும் மீன் எண்ணெய்

பெப்ரவரி 11, செவ்வாய்

கைரியா இன்று ஆய்வுகூடத்துக்கு வந்தாள். உயர்தரம் படித்த காலத்தில் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் எனக்காக சீற் பிடித்து வைத்திருப்பாள். நான் மஹய்யாவையில் ஏறுவேன். இப்போது மீன் எண்ணெய்க் குளிசைகளை வெளிநாட்டிலிருந்து எடுத்து, சொந்தப் பெயர் ஒட்டி விற்கிறாள். கண்டி டவுனில் பெரிய மருந்துக்கடைக்காரர் ஒருவர், வெளியாள் சோதித்த அறிக்கை இருந்தால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டாராம்.

“இது பாஸாகினாத்தான் எனக்கு வழி ஈக்கி, பெற்றீசியா. நல்ல சாமான். உம்மாவே தெனமும் இதத்தான் குடிக்கிறாங்க.”

அவள் கொண்டுவந்த போத்தலின் மூடியைத் திறந்தேன். எலுமிச்சை வாசம் குப்பென்று வந்தது. மீனையே காணோம்!

பெப்ரவரி 12, புதன்

இயந்திரத்தில் ஏற்றுமுன் எண்ணெயை இரண்டு பேர் மூக்கால் மணந்து பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த இரண்டு பேர் நானும் என் மேலதிகாரி விவேகானந்தன் சேரும். இதைவிட மோசமான சோடி எங்கும் கிடைக்காது. அவர் யாழ்ப்பாணத்துச் சைவர், பிறந்ததிலிருந்து மரக்கறி. எந்த மீன் எண்ணெயைக் கொடுத்தாலும், “ஓம், இதுவும் நாறுது,” என்று எழுதுவார். நான் கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவள். லேசாகக் கெட்ட எண்ணெயை மணந்தால் எனக்குப் பசிதான் எடுக்கும். போன வருடம் கெட்டுப்போன போத்தல் ஒன்றுக்கு ‘நல்ல மணம்’ என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்று கைரியாவின் குளிசையை வெட்டிப் பீங்கானில் ஊற்றினோம். சேர் முதல்முறையாக முகத்தைச் சுளிக்கவில்லை. “இது பரவாயில்லை, பிள்ளை,” என்றார். எனக்கும் பிடித்திருந்தது. இருவருக்குமே பிடித்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

பெப்ரவரி 13, வியாழன்

எண்ணெய் கெட்டுப்போனதா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. இப்போதுதான் கெடத் தொடங்கிய எண்ணெயை முதலாவது காட்டிக்கொடுக்கும். எப்போதோ கெட்டு முடிந்த பழைய எண்ணெய் அதில் தப்பிவிடலாம், இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். கைரியாவின் எண்ணெய் முதலாவதில் சுத்தம். இரண்டாவதில் இருபதைத் தாண்டக்கூடாது — வந்தது நாற்பத்து மூன்று.

மீண்டும் செய்தேன். அதே நாற்பத்து மூன்று.

பழைய எண்ணெயா? அப்படியென்றால் ஏன் நாறவில்லை? எலுமிச்சை மூடி மறைக்கிறதா? இல்லை, அந்த எலுமிச்சையேதான் அளவைக் கூட்டிக் காட்டுகிறதா?

பெப்ரவரி 14, வெள்ளி

“அறிக்கையை எழுதி முடிக்காமல் என்னத்தைத் தேடுறியள்? கூட்டாளி எண்டபடியாலோ?” சேர் கேட்டார். முகம் சுட்டுவிட்டது. எனக்கே தெரியாதே.

பெப்ரவரி 18, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்! சின்ன வேலைதான். மணமில்லாத நல்ல எண்ணெயை எடுத்து அளந்தேன்: ஆறு. அதிலேயே எலுமிச்சை எசன்ஸ், குளிசைக்குப் போடுகிற அளவில் கலந்து மீண்டும் அளந்தேன்: இருபத்திரண்டு. எண்ணெய் அதே எண்ணெய். ஒரு துளிகூடக் கெடவில்லை. எலுமிச்சை வாசத்தில் உள்ள சரக்கும் கெட்ட எண்ணெயில் உண்டாகிற சரக்கும் ஒரே சாதி; சோதனைக்கு இரண்டும் ஒன்றுதான். இத்தனை வருடம் இதே வேலையைச் செய்துகொண்டு இதை யோசிக்காமல் இருந்திருக்கிறேனே!

சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப எலுமிச்சை போட முதல் இருந்த எண்ணெயைக் கேளுங்கோ. ஆனால் சோதிக்கேக்க எது ஆருடையது எண்டு உங்களுக்குத் தெரியக்கூடாது.”

கைரியாவுக்கு உடனே கோல் எடுத்தேன். எலுமிச்சை கதையைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “அல்ஹம்துலில்லாஹ்! எனக்குத் தெரியும், என்ட சாமான் நல்லம்.” இன்னும் முடிவாகவில்லை என்றேன். அவள் காதில் விழுந்ததோ என்னவோ. நான் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்கக்கூடாது.

மார்ச் 7, வெள்ளி

குளிசை செய்த கம்பெனியிலிருந்து அதே தொகுதியின் வெறும் எண்ணெய், சீல் வைத்த போத்தலில், ஐஸ் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. சேர் அதையும் வேறு இரண்டு எண்ணெய்களையும் ஒரேமாதிரிப் போத்தல்களில் ஊற்றி இலக்கம் மட்டும் ஒட்டினார். தவக்காலத்து வெள்ளி என்பதால் இறைச்சி இல்லை. மத்தியானச் சாப்பாடு கருவாடு. எனவே மணக்க மாட்டேன், அளக்கத்தான் போகிறேன் என்றேன். சேர் சிரித்தார்.

மார்ச் 10, திங்கள்

முதல் போத்தல் ஏழு. இரண்டாவது இருபத்தேழு. மூன்றாவது எட்டு.

ஆண்டவரே, அந்த இரண்டாவது அவளுடையதாக இருக்கக்கூடாது. சேர் தன் சட்டைப்பையிலிருந்த, இலக்கம் குறித்த கடுதாசித் துண்டை எடுத்துப் பார்த்தார். “இரண்டாவதுதான், பிள்ளை.”

எலுமிச்சை அளவைக் கூட்டிக் காட்டியது உண்மை. எண்ணெய் பழையது என்பதும் உண்மை. இரண்டும் ஒருசேர இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அறிக்கையில் கையெழுத்து வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

போனில் சொல்ல மனம் வரவில்லை. கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். நோன்பு, அவள் உதடு காய்ந்திருந்தது. கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

“வாசம் இல்லாமப் பாத்தும் சரியில்லியா?”

“இல்லடி. அத விட்டுட்டுப் பாத்தாலும் கூடத்தான் காட்டுது. பழைய எண்ணெய்தான்.”

“நீ கொஞ்சம் கொறச்சி எழுதினா யாருக்குத் தெரியும்?”

கையெழுத்து வைத்துவிட்டேன் என்றேன். அவள் எழுந்து போய், மேசையில் உம்மாவின் மருந்துகளோடு இருந்த போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். “நீ போ. நோம்பு தொறக்கிற நேரம்.” ‘போயிட்டு வா’ என்று சொல்லாமல் அவள் என்னை அனுப்பியது இதுதான் முதல்தடவை.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். வாழ்த்து அனுப்பினேன். பதில் இல்லை. வருடா வருடம் அவள் வீட்டிலிருந்து வரும் வட்டிலப்பமும் வரவில்லை.

மே 6, செவ்வாய்

மத்தியானம் கைரியா வந்தாள். கையில் பெயர் ஒட்டாத போத்தல். வேறு கம்பெனியாம். பழைய பெட்டிகளையெல்லாம் கடைகளிலிருந்து திருப்பி எடுத்துவிட்டாளாம். அதை எப்படிச் செய்தாள் என்று கேட்டேன். “அத விடு,” என்றாள்.

“கொழும்புல சோதிக்கக் குடுத்திருந்தா ஒருவேளை பாஸாகியிருக்கும் என்டாங்க. நான் இங்கதான் கொண்டு வந்தேன். இதுல எலுமிச்சை போட வேணாம் என்டு செல்லிட்டேன். பாஸாகினா உம்மாக்குக் குடுப்பேன்.”

மூடியைத் திறந்தேன். மீன் வாசம். எனக்கு நன்றாகப் பசித்தது, அதனால் என் மூக்கை நம்பாமல் போத்தலைச் சேரிடம் நீட்டினேன்.