மணியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்

என் பத்மா அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிற இடத்தில் நீ இல்லை. என் நலத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம்தான் அடங்கவில்லை. நம் பள்ளிக்கூடத்தில் உன் பேரில் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். "பத்மாவதி டீச்சர் நினைவு ஒருங்கிணைந்த நலத் திட்டம்." வாசல் பேனரில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். பக்கத்தில் தாளாளர் உன்னைவிடப் பெரிதாகச் சிரிக்கிறார்.

தொடக்க விழாவை நீ பார்த்திருக்க வேண்டும். மேடையில் யோகா நடந்தது. பிறகு ஒருவர் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசினார், அவர் முடிப்பதற்குள் எங்களுக்கெல்லாம் அது வந்துவிட்டது. கம்பு லட்டு மேடையில் இருந்தவர்களுக்கு. வெயிலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குக் கைதட்டுகிற வேலை. நீ இருந்திருந்தால் என் காதில் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்து, என்னை மாட்டிவிட்டிருப்பாய்.

அந்த ஆசிரியர் கூட்டம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னால். எழுந்து நின்று எச்.எம்மைப் பார்த்துச் சொன்னாய்.

"சத்துணவு தனி, பி.டி. தனி, நர்ஸ் தனின்னு ஆளுக்கொரு பக்கம் இழுத்தா எப்டி சார்? புள்ளைக்கு இருக்குறது ஒரே உடம்பு. எல்லாரும் ஒண்ணா குந்திப் பேசுவோம். மொதல்ல தண்ணி குடிக்க மணி அடிங்க. மணி அடிச்சதும் பொண்ணுங்களுக்குப் புது பாத்ரூம தொறந்து வுடுங்க. இது ரெண்டும் ஒண்ணு சார், பிரிக்காதீங்க."

அவர்கள் மணியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைக் கழுவிக் குங்குமம் வைத்து வேப்பமரத்தில் தொங்கவிட்டார்கள். அடிக்கிற பொறுப்பு எனக்கு. பொய் சொல்ல மாட்டேன், பெருமையாகத்தான் இருந்தது. வடிகட்டிக் காய்ச்சிய தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைத் தொடாத என் மேல்சித்தாமூர்ச் சமண அக்கா, பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிறவள், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தையே தண்ணீர் குடிக்கவைக்கிறாளே என்று ஓங்கி ஓங்கி அடித்தேன்.

ஒரு நாள் அடித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புப் பக்கம் போனேன். பெண்கள் பாட்டிலைத் தூக்கினார்கள், அண்ணாந்தார்கள், மூடிவைத்தார்கள். ஒருத்தியின் தொண்டையும் அசையவில்லை. தளவானூரிலிருந்து பஸ்ஸில் வரும் கீர்த்தனாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இன்னாடி, குடிக்கிற மாதிரி நடிக்கிற?"

"குடிச்சா வரும் மிஸ். வந்தா எங்க போறது?"

"பழைய பாத்ரூம் இருக்குதே?"

"அங்கயா? நீங்க போவீங்களா மிஸ்?"

போய்ப் பார்த்தேன் அக்கா. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு கயிறு கட்டியிருக்கிறது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். குழாயில் தண்ணீர் கிடையாது. தரையில் புழு நெளிகிறது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தேன்.

புதுசு இருக்கிறதே, டைல்ஸ் ஒட்டி, கண்ணாடி மாட்டி? அதில் பூட்டு தொங்குகிறது. சுகாதார ஓவியப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய படத்தை அந்தக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். "கழிப்பறையைப் பயன்படுத்துவோம்" என்று கலர் கலராக எழுதியிருக்கிறது. வரைந்தவள் கீர்த்தனா.

அவளுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வருகிறது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்புகிறார் டாக்டர். அவள் அம்மா வந்து என் எதிரில் நின்றாள். "இன்னொரு வாட்டி காய்ச்சல்னு வந்தா இஸ்கூல வுட்டு நிறுத்திடுவேன்றாரு மிஸ் அவ நைனா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள்.

எச்.எம்மிடம் சாவி கேட்டேன். "தொறந்து வுட்டா ரெண்டே நாள்ல நாறடிச்சிடுவாங்க டீச்சர். ஆபீசருங்க வராங்க. அதுவரைக்கும் புதுசா இருக்கட்டும்" என்றார்.

ஆபீசர் வந்தார். பூட்டு திறந்தது. உள்ளே ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். அதில் போய்வந்த ஒரே ஆள் அவர்தான். பிறகு மைதானத்தில் நின்று, "எல்லாரும் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். "குடிக்கிறோம் சார்!" என்று எல்லாரும் கத்தினார்கள். அதில் கீர்த்தனாவின் குரலும் இருந்தது. கார் தெருமுனை திரும்பியதும் பூட்டு மறுபடி ஏறிவிட்டது.

வாயில் வசவாக வருகிறது அக்கா, நோன்பு மாதம் என்று அடக்கிக்கொள்கிறேன். நான் தண்ணீர் குடிக்காமல் இருப்பது அல்லாவுக்காக. அதுவும் ஒரு மாதம்தான். இந்தப் பிள்ளைகள் வருஷம் முழுக்க யாருக்காக நோன்பு இருக்கிறார்கள்?

இந்தத் திங்கட்கிழமை நான் மணி அடிக்கவில்லை. எச்.எம். வகுப்புக்கே வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர், மணி அடிக்கல?"

"சாவி குடுங்க சார், அடிக்கிறேன்."

"பத்மா டீச்சர் பேருல நடக்குற திட்டம். நீங்க இப்டி பண்ணா அவங்களுக்குத்தான் அவமானம்."

அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. "பிரிக்காதீங்கன்னு அவங்க சொன்னப்ப நான் பக்கத்துலதான் சார் குந்தியிருந்தேன்" என்றேன். வகுப்பே கேட்டது. வேறு டீச்சரை வைத்து அடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எதை வைத்து அடிப்பார்? மணி அடிக்கிற கம்பியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. மெமோ வரும் என்கிறார்கள், வரட்டும். நாளைக்குக் கீர்த்தனாவின் அம்மா இன்னும் சில அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். எல்லாரும் ஒன்றாகக் குந்திப் பேசலாம் என்று நீ சொன்னாயே, அதை எச்.எம். அறை வாசலில் வைத்துக்கொள்ளப் போகிறோம்.

உன்மேல் சத்தியம் செய்ய எங்கள் மார்க்கத்தில் ஆகாது. வாக்குத் தருகிறேன். அந்தக் கதவு திறந்து, கீர்த்தனா உள்ளே போய்த் திரும்பி வந்து, பாட்டிலைத் தூக்கி, அவள் தொண்டை அசைவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தக் கம்பியை எடுப்பேன். அதுவரை உன் பேரில் அங்கே மணி அடிக்க விடமாட்டேன்.

உன் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்று வளர்ந்த தங்கச்சி,
மும்தாஜ்
செஞ்சி