உன் நோட்டில் நான் படித்த பாடம்

786

ஜமுனாமரத்தூர்
12-3-1983

அன்பு மகன் சனாவுல்லாவுக்கு அம்மா சலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கிருபையால் நானும் அத்தாவும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுகம் என்று வழக்கத்துக்காக எழுதிவிட்டேன், உண்மையில் எனக்கு அலுப்பாக இருக்கிறது. அத்தாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை, கடுக்காய்ப் பருவமாச்சே, மூட்டை கட்டுவதும் வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற ஷாப்புக்கு லாரி ஏற்றுவதும் இப்போது என் தலையில்தான். நேற்று லாரி வரவே இல்லை, நாள் முழுக்க சாலையைப் பார்த்தே இடுப்பு விட்டுப்போயிற்று.

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. அரபி இலக்கணப் பரீட்சையில் இரண்டாம் முறையும் தவறிவிட்டேன், மதரஸாவை விட்டு வந்து மோட்டார் பம்பு வேலை கற்றுக்கொள்கிறேன், அனுமதி கொடுங்கள் என்று கேட்டிருந்தாய். அதோடு விட்டாயா, இந்தப் பாடத்தை ஒருநாள் நீங்களே படித்துப் பாருங்கள் அம்மா என்றும் எழுதினாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது வருடமாகக் குர்ஆன் ஓதுகிறவள், என்னிடமா என்று நீ ரமலானில் விட்டுப்போன நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இது, அது என்று சுட்டுவதற்கு, பக்கத்தில் இருக்கும் ஆணுக்கு ஹாதா, பெண்ணுக்கு ஹாதிஹி, தூரத்தில் இருந்தால் தாலிக, தில்க. இதுவரை சரி. ஆனால் கல்லுக்கும் கதவுக்கும்கூட ஆண் பெண் பார்க்கச் சொல்கிறார்கள், சூரியன் பெண்ணாம், நிலா ஆணாம். நம் கடையில் தராசையும் மூட்டையையும் விரல் நீட்டி நீட்டிச் சொல்லிப் பார்த்தேன், பாதி தப்பு. அடுத்த பாடம் அல்லதீ, அல்லத்தீ, அல்லதீன. நாம் வந்த ஆள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவதை அவர்கள் அந்த ஆள், எவன் வந்தானோ அவன் என்று சுற்றிக்கொண்டு வருகிறார்கள். இந்த அல்லதீன நான் தினமும் தொழுகையில் ஓதுகிற சொல்தான், எவர்கள் என்று அர்த்தமாம், இத்தனை வருடம் தெரியாமலே ஓதியிருக்கிறேன். அன்றைக்குக் கொஞ்சம் அழுதேன். உன் நோட்டில் ஒரே வரியைப் பதினோரு தடவை எழுதி அடித்திருந்தாய், ஓரமெல்லாம் பம்பு படம். அதைப் பார்த்து அதற்கு மேலும் அழுதேன்.

சாமை கொண்டுவருகிற பாஞ்சாலை நான் விரல் நீட்டிப் பேசுவதைப் பார்த்து, இன்னாம்மா தனியா பேசிக்கினுகீற என்று கேட்டாள். மறைக்க முடியவில்லை. நாலு வயதில் உனக்குக் காய்ச்சல் தலைக்கேறி, பஸ் இல்லாமல் தூளி கட்டி மலையிறங்கி அமிர்தி வரைக்கும் தூக்கிப்போனபோது, பிள்ளை பிழைத்தால் மதரஸாவில் ஆலிமுக்குப் படிக்க வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டதைச் சொன்னேன். இவன் படிப்பை விட்டால் அந்தக் காய்ச்சல் திரும்பி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். இதை அதுவரை அத்தாவிடம்கூட நான் சொன்னதில்லை. அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நாங்களும் நேந்துக்கிறோம், கைக்கொழந்தைக்கு மொட்ட அடிச்சா அழுதுட்டு வுட்டுடும், மீசை மொளைச்சவன புடிச்சி ஒக்கார வெச்சி அடிக்க முடியுமாம்மா என்றாள். சாமையை அளந்து வாங்கவே மறந்தேன்.

நேற்று அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டவர், நேந்துகினது நீதானே, நீயே ஓதேன் என்றார். கிண்டலோ நிஜமோ தெரியவில்லை. நான் நிஜமாகத்தான் எடுத்துக்கொண்டேன். மகனுக்குப் பதிலாகத் தாய் ஓதினால் இறைவன் ஏற்பானா என்று எனக்குத் தெரியாது. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அது எனக்கும் அவனுக்கும் உள்ள பேச்சு, உன்னை இனி நடுவில் நிறுத்த மாட்டேன். நீ புறப்பட்டு வா.

உஸ்தாதிடம் முகம் சுளிக்காமல், கைகொடுத்து சலாம் சொல்லி விடைபெற்று வா. ரயிலில் வெளித்தண்ணீர் குடிக்காதே. வேலூரில் மலை பஸ் மத்தியானம் ஒரு தடவைதான், தவறவிட்டால் அங்கேயே சகிலா அக்கா வீட்டில் தங்கிக்கொள். இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல தொழிலும் தரட்டும். வந்து இறங்கியதும் ஆட்கள் எதிரிலேயே உன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கனீஸ் ஃபாத்திமா