நிற்காத கணக்கு

ஆடி, செவ்வாய்க்கிழமை

குற்றாலம் அருவியில் வெள்ளம் ஏறுமா என்று மழையளவை வைத்து முன்கூட்டிச் சொல்லும் என் புரோகிராம், காலையில் புது லேப்டாப்பில் ஓட ஆரம்பித்து நிற்கவேயில்லை. மலையில் மழை வெளுத்து வாங்குகிறது. அருவிக் காவலரிடமிருந்து போன் மேல் போன். நான் லேப்டாப்பைத் திட்டினேன், சாரல் ஈரத்தைத் திட்டினேன். என்னைத் திட்ட மட்டும் தோன்றவில்லை.

கூட வேலை செய்யும் மேரி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அண்ணாச்சி, உங்க பழைய கம்ப்யூட்டர் பத்தொன்பது இலக்கம் வரைக்கும் நுணுக்கமா கணக்குப் போடும். இது பதினாறோட நிறுத்திக்கிடும். நீங்க அடுத்தடுத்து வர்ற விடையில பதினெட்டாவது இலக்கமும் ஒத்துப்போனாதான் நில்லுன்னு எழுதி வச்சிருக்கீய. எப்படி நிக்கும்? அருவித் தண்ணியை என்ன, தங்கமா நிறுக்கீய?”

அந்தப் பதினெட்டு, பந்தாவுக்குப் போட்டது.

எவ்வளவு நுணுக்கம் தாங்கும் என்று அந்தந்த மெஷினிடமே கேட்டு, அதற்கேற்ப நிற்கும்படி ஒரே வரியில் மாற்றினாள். என்ன மூளை! உடனே விடை வந்தது: வெள்ளம். போனில் சொன்னேன்; காவலர் குளித்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் வெளியேற்றினார். கொஞ்ச நேரத்தில் செந்தண்ணீர் பாய்ந்து இறங்கியது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

சாயங்காலம் காவலர் ஆபீசுக்கே வந்து எனக்குக் கைகொடுக்கப் போனார். மேரி நடுவில் புகுந்து தன் கையை நீட்டினாள்.

“இங்கன குடுங்க சார்.”

நீட்டிய கையால் நான் தலையைச் சொறிந்துகொண்டேன்.