மூன்று முறை கூப்பிட்டார்கள்

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் எனக்கு முதலில் ஒன்று தெரிந்தாக வேண்டும். நேற்றுக் காலை நீ எங்கே போனாய்? உன் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலாவது எனக்குப் புரிகிறதா பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை நீந்தி, சைக்கிள் ஓட்டி, கடைசியில் அந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஓடி முடித்தபோது, நீ எனக்கு ஒன்பது நிமிடம் முன்னால் இருந்தாய். மறுநாள் பத்து மணிக்கு மண்டபத்தில் சாம்பியன்ஷிப்புக்கு இடம் ஒதுக்கும் கூட்டம். நாற்பத்தைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்கள் இருபத்தொரு பேர். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். முதலாவதாக வந்த தீயணைப்புத் துறைக்காரியை மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். “எனக்கு லீவு கிடைக்காதுங்க, அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க” என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டாள்.

அடுத்தது நீ. உன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஆள் நேரில் இருந்து கையைத் தூக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே. கழிப்பறைக்குப் போயிருப்பாய், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் நான் எழுந்தேன். அதற்குள் என் பெயர் வந்துவிட்டது. என் கை மேலே போய்விட்டது, வாலு. உனக்காக எழுந்தவள் எனக்காகக் கையைத் தூக்கிவிட்டேன்.

இன்று ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒருவரிடம் இடது கையை நீட்டச் சொல்லிவிட்டு வலது கையில் ரப்பரைக் கட்டினேன். “எந்தக் கைலம்மா எடுக்கப் போறீங்க?” என்று அவர் பயந்துவிட்டார். நான் இருக்கிற நிலை இதுதான். உடனே எழுது.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வாழ்த்துகள். முதலில் இதைப் பிடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

நான் எங்கேயும் போகவில்லை. பின்பக்கம் சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் பதினொரு மணிக்கு என்று மனதில் பதிந்துவிட்டது. வந்து பார்த்தால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் மறதி உங்களுக்குத் தெரியாததா? இதில் நீங்கள் குழம்புவதற்கு ஒன்றுமே இல்லை. கூப்பிட்டார்கள், கை தூக்கினீர்கள், அவ்வளவுதான்.

இங்கே ஓட்டுநர் பள்ளியில் புதிதாக ஓர் அம்மாள் சேர்ந்திருக்கிறார். இடது பக்கம் திருப்புங்கள் என்றால் முதலில் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், பிறகு வலது பக்கம் திருப்புகிறார். உங்களைத் தேர்வு செய்தவர்கள் என்னிடம் வந்து கேட்டிருந்தால், நீங்களும் சைக்கிளில் ஏறிய முதல் மாதம் அப்படித்தான் இருந்தீர்கள் என்று போட்டுக்கொடுத்திருப்பேன்.

கால் வீக்கம் வடிந்ததா? ஒரு வாரம் ஓடாதீர்கள். நடந்தால் போதும்.

உங்கள்,
வாலு

*

மார்ச் 17

வாலு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் எங்கேயோ இடிக்கிறது. கூட்டம் பத்து மணிக்கு என்று முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொன்னதே நீ. பதினொன்று எங்கிருந்து வந்தது?

சனிக்கிழமை பல்சக்கரத்தை மாற்ற, அன்று நம் சைக்கிள்களுக்குப் பெட்டி கட்டித் தந்த மெக்கானிக்கிடம் போனேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, “உங்க நாத்தனாருக்குத்தான் என்ன சந்தோஷம். கதவுகிட்ட என் பக்கத்துலதான் நின்னாங்க. உங்க பேரைக் கூப்பிட்டதும் முதல்ல கை தட்டினது அவங்கதான்” என்றார். அவர் எதிரில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பல்சக்கரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்படியென்றால் நீ அங்கேயே இருந்திருக்கிறாய். உன் பெயரைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாய்.

உன் அண்ணன் என்னை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்கள். நீ ஒருத்திதான் அண்ணி, அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாய். அவர் போன மூன்றாவது ஞாயிறு, ஒரு பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றாய். நாற்பத்துமூன்று வயதில் தண்ணீரில் முகத்தை முக்கவே பயந்தவளை நீந்த வைத்தாய். இதையெல்லாம் நான் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால் எது பாசம், எது பரிகாரம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உன் அண்ணன் செய்ததற்கு நீ எனக்கு ஈடு கட்டுகிறாயா? அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றாயா?

இடத்தை உனக்கு மாற்றித் தரச் சொல்லிப் போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். ஒருமுறை ஏற்றுக்கொண்டால் மாற்ற முடியாதாம். நான் விலகினால் அது யாருக்குமே இல்லையாம். ஆக, என் கையில் இருப்பது என்னுடையதா உன்னுடையதா என்பதே தெரியாமல் தினமும் காலையில் இதற்காக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையை எழுது. மறதி என்று மட்டும் எழுதாதே.

அண்ணி

*

மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

கதவருகே நின்றது உண்மைதான். மறதி என்று எழுதியது பொய். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஏன் நின்றேன் என்று கேட்கிறீர்களே, அதைத்தான் பத்து நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். தியாகம் செய்யலாம் என்று நினைத்து நான் அங்கே போகவில்லை. கை தூக்கத்தான் போனேன். முதல் தடவை கூப்பிட்டபோது வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை உங்கள் தலை திரும்புவது தெரிந்தது. நீங்கள் என்னைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்ததும் தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன். மூன்றாவது தடவைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஓட்டத்தில் முப்பதாவது கிலோமீட்டர் தாண்டி, சாலையோரக் கல்லில் நீங்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். வாந்தி எடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். எதிரில் பார்த்தால் ஒரு வார்த்தையாவது பேசிவிட்டுத்தான் போவது என்று நமக்குள் ஒரு பேச்சு உண்டே. நான் பேசவில்லை. காலடிச் சத்தம் கேட்காமல் சாலையின் அந்தப் பக்கமாக ஒதுங்கி ஓடினேன். ஏன் தெரியுமா? சந்தோஷம், அண்ணி. உங்களை முந்துகிறோம் என்ற சந்தோஷம். முடிவுக்கோடு வரை அது இருந்தது. மறுநாள் காலை எழுந்தபோது இல்லை.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நீங்கள் ஈடு கட்டுகிறாயா என்று கேட்டுவிட்டீர்கள். அண்ணன் வீட்டை விட்டுப் போகப் போவதை முதலில் சொன்னது என்னிடம்தான். இரண்டு மாதம் முன்னாலேயே சொன்னான். அந்த இரண்டு மாதமும் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், சிரித்துப் பேசினேன், ஒன்றும் சொல்லவில்லை. அவன் மனது மாறிவிடும் என்று நினைத்தேனா, பயந்தேனா, இன்றுவரை தெரியவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேனே, அது அந்த உறுத்தலில் வந்ததுதான். மறைக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்காக இல்லை. நீங்கள் இல்லாமல் எனக்குப் பொழுது போகாது என்பதால் வந்தேன். எந்த ஞாயிறில் அது மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மண்டபத்தில் வாய் வராமல் போனது இதில் எதனால் என்றும் தெரியவில்லை. உண்மையை எழுதச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான்.

வாலு

*

ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்குப் போய்விடுகிறேன்.

போட்டிக்கு நூறு நாள்கூட இல்லை. கோபத்தில் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். கடலில் நீந்துவதற்குமுன் கழுத்தில் உடை உராய்கிற இடத்தில் களிம்பைத் தடவுங்கள்; போன தடவை மறந்துவிட்டீர்கள், புண்ணாகிவிட்டது. திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

வாலு

*

ஜூன் 14

வாலு,

களிம்பு வாங்கிவிட்டேன்.

உன் மார்ச் மாதக் கடிதத்துக்குப் பிறகு மூன்று வாரம் சைக்கிளைத் தொடவில்லை. இரண்டு மாதம் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாய் என்பதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். என் பிறந்தநாள் அதற்குள் வருகிறது. நீ எனக்கு நீலத்தில் ஒரு புடவை எடுத்துத் தந்தாய். அதைக் கட்டுவதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா என்று பீரோவைத் திறந்து திறந்து மூடுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இனி நமக்குள் பொய் வேண்டாம்.

அதனால் என் பங்குக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லில் நான் வாந்தி எடுக்கவில்லை. நீ வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். உன் ஓட்டம் எனக்குத் தெரியாதா? பார்த்ததும்தான் தலையைக் குனிந்தேன். நீ நின்று, “எழுந்திரிங்க அண்ணி, சேர்ந்தே போவோம்” என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அந்த நேரத்தில் உன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நீ கால் தட்டி விழ வேண்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். நீ சத்தமில்லாமல் கடந்து போனது எனக்கு நிம்மதியாக இருந்தது. மண்டபத்தில் என் கை ஏன் அவ்வளவு வேகமாக மேலே போனது என்று இப்போது லேசாகப் புரிகிறது. முழுதாகப் புரியவில்லை.

போட்டிக்குப் போகிறேன். இடம் உன்னுடையதா என்னுடையதா என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். ஓடப்போவது என் கால். வருகிற வருடம் எனக்கு ஐம்பது. நான் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவேன். இனி நீயும் ஐம்பதைத் தொடும்வரை ஒரே இடத்துக்காக நாம் இருவரும் ஓட மாட்டோம். இதைக் கணக்குப் பார்த்தபோது அழுகை வந்தது. ஏன் என்று கேட்காதே.

அங்கே நீ வர வேண்டாம். அதை நான் தனியாக ஓடிப் பார்க்க வேண்டும். போட்டி முடிந்து நான் திரும்பி வருகிற வெள்ளிக்கிழமை காலை ரயில் நிலையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு வா. வீட்டுக்கு வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். போகப் போவதாக உன் அண்ணன் உன்னிடம் எந்த நாள் சொன்னார், எப்படிச் சொன்னார், நீ அப்போது என்ன பதில் சொன்னாய், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லு. நான் குறுக்கே பேச மாட்டேன்.

அண்ணி